ஓடையின் சொந்தச் சரளை

"அண்ணி, கல் லாரி வந்து நிக்குது. வாய்க்குள்ள எட்டிப் பார்த்தது போதும், ஓடைக்குள்ள எட்டிப் பார்க்க வாங்க."

நாத்தனார் கிளினிக் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் உள்ளே விட்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில் தொங்காமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அதனால் எல்லோருக்கும் அவள் 'விசில்'.

"இரு. இவர் பல்லு சரியாகாம மிஷின் எப்படி ஓடும்?" என்றாள் பல் டாக்டர், குனிந்த தலையை நிமிர்த்தாமல்.

நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்தவர் பொக்லைன் ஓட்டுகிறவர். காலையில் வந்து இறங்கியதுமே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "விண்ணு விண்ணுன்னு தெறிக்குதும்மா, இந்த வலியோட வெட்டினா கரையெல்லாம் கோணலாப் போயிடும்" என்றார். "கோணலாத்தாங்க வெட்டணும்" என்று அவரைக் கையோடு உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டாள்.

அந்த ஓடை கிளினிக்கின் பின்ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. யாரோ எந்தக் காலத்திலோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி அதை நேராக வெட்டிவிட்டிருந்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் தலைதெறிக்க ஓடிக் கீழ்த்தெரு வீடுகளுக்குள் புகும். மழை நின்றால் சேறும் கொசுவும். இரண்டு கரைக்கும் கான்கிரீட் போட்டு விஷயத்தை முடித்துவிடலாம் என்று நகராட்சி தீர்மானித்த சமயத்தில்தான், கெட்டுப்போன ஆறுகளைத் திரும்ப ஆறாக்கச் சொல்லித்தரும் வகுப்பு ஒன்று நடக்கிறது என்று பல் டாக்டர் கேள்விப்பட்டாள். வாரத்தில் பாதி நாள் கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். மூன்று பேர் இருந்தால்தான் ஒரு குழு, குழு இருந்தால்தான் களவேலை என்றார்கள். நாத்தனாரை இழுத்துப் போட்டாள். தெருமுனை மருந்துக்கடைக்காரர், கூப்பிடாமலே வந்து சேர்ந்தார்.

"எங்கண்ணி இத்தனை வருஷமா கோணப் பல்லுக்கெல்லாம் கம்பி கட்டி நேராக்கினாங்க. இப்ப நேரா இருக்கிற ஓடையைக் கோணலாக்கப் போறாங்களாம். எங்கண்ணன் தூக்கத்துல கூட இதைச் சொல்லிச் சிரிக்கிறார்" என்று விசில் வகுப்பில் முதல்நாளே எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

நகராட்சி சொன்னது ஒன்றே ஒன்று. மழைக்காலத்துக்கு முன்னால் ஓடையில் ஒரு வளைவாவது வெட்டித் தண்ணீரை விட்டுக் காட்டுங்கள், கான்கிரீட்டை நிறுத்தி வைக்கிறோம். காட்டாவிட்டால் மழை முடிந்ததும் கான்கிரீட். மிஷின் எல்லாக் குழுக்களுக்கும் பொது. இன்றைக்கு இங்கே; நாளைக்கு விடிந்தால் வேறு ஊருக்குப் போய்விடும். வானத்திலோ இப்போதே மேகம் கூடியிருந்தது.

"துப்புங்க. ரெண்டு மணி நேரம் சூடா எதுவும் குடிக்கக் கூடாது" என்றாள்.

"மிஷின் ஓட்டலாமா?"

"வாயாலயா ஓட்டறீங்க? வாங்க சீக்கிரம்."

லாரி கொட்டிவிட்டுப் போன கற்குவியலின் பக்கத்தில் மருந்துக்கடைக்காரர் குந்தியிருந்தார். கடையில் இருமல் மருந்து கேட்டுப் போனாலும் தண்ணீர்ப் பூச்சிகளைப் பற்றி அரைமணி பேசிவிட்டுத்தான் பாட்டிலை எடுப்பார். அவரைப் 'பூச்சி சார்' என்று முகத்துக்கு நேராகவே கூப்பிடலாம், சந்தோஷப்படுவார். இன்றைக்கு முகத்தில் சந்தோஷம் இல்லை.

"டாக்டரம்மா, இந்தக் கல்லு சரியா?"

"ஏன் சார்? நாம கேட்ட அளவுதானே அனுப்பியிருக்காங்க?"

"அளவு நாம கேட்டதுதான். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இந்த வளைவுக்கு மேல சரளை போட்டு, தண்ணி மேலாப்புல ஓடற மாதிரி ஒரு இடம் பண்றோம்."

"சலசலப்பு." அப்படி ஆழமில்லாமல் சரளைமேல் தண்ணீர் ஓடும் இடத்துக்கு வகுப்பில் வைத்திருந்த பெயர் அது.

"அதேதான். அங்க வந்து முட்டை போட வேண்டிய மீனு என் சுண்டுவிரலை விடக் கொஞ்சம்தான் பெருசு. அது எப்படிக் கூடு கட்டும்னு போன மாசம் பார்த்தோமே, ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு கல்லா வாயால கவ்விக்கிட்டுப் போய் வைக்கும்."

பல் டாக்டர் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கை நிறைந்தது. அவள் பார்த்த வாய்கள் கொஞ்சநஞ்சமல்ல.

"தாடை கழண்டுடும்" என்றாள் மெதுவாக.

"அதைத்தான் சொல்றேன்."

பின்னாலிருந்து, "இந்த அளவு எங்கேருந்து வந்தது?" என்று கேட்டார் வகுப்பு எடுக்கும் மேடம். மேடத்துக்கு இவர்கள் மூன்று பேரையும் விட வயது குறைவு. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், வாயில் எப்போதும் ஒரு பேனா மூடி. பல் டாக்டர் எத்தனை தடவை "கடிக்காதீங்க மேடம், பல்லு தேயும்" என்று சொல்லியும் விட்டபாடில்லை.

"நாங்க எண்ணினதுதான் மேடம். மேல, இன்னும் வெட்டுப்படாத இடத்துல ஓடை எப்படி இருக்கோ அதே அளவு கல்லு வேணும்னு நீங்கதானே சொன்னீங்க. நான் கல்லை எடுத்தேன், இவ எழுதினா" என்றாள் பல் டாக்டர்.

"கண்ணை மூடிக்கிட்டா எடுத்தீங்க?"

"மூடிக்கிட்டுத்தான்."

கண்ணைத் திறந்துகொண்டு எடுத்தால் கை தானாக அழகான கல்லுக்குப் போய்விடும். அதனால் ஓர் அடி வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பூட்ஸ் நுனியில் விரலை இறக்கி, முதலில் எது தட்டுப்படுகிறதோ அதை எடுக்க வேண்டும். அது மணலானாலும் சரி, பாறையானாலும் சரி. பிறகு சதுர ஓட்டைகள் வெட்டிய தகட்டில் அதை நுழைத்துப் பார்க்க வேண்டும். நுழைகிற ஓட்டைகளில் எது சின்னதோ அதுதான் அதன் அளவு. இப்படி நூறு கல்.

"இப்பவே மறுபடி எண்ணிடலாம். ரெண்டு பேரும் தனித்தனியா. மிஷின் அதுக்குள்ள வளைவை வெட்டட்டும்" என்றார் மேடம்.

மிஷின்காரர் ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போய், "எதுக்குள்ள?" என்பதை "எழுக்குழ்ழ" என்று கேட்டார். யாருக்கும் சிரிக்க நேரமில்லை.

கிளினிக் பக்கத்துக் காலி மனையில் பொக்லைன் உறுமத் தொடங்கியது. சுண்ணாம்பு போட்டு வைத்திருந்த கோட்டின் வழியே மண் வாய் திறந்தது. அந்தச் சத்தத்தை முதுகில் வாங்கிக்கொண்டு இரண்டு பெண்களும் மேலே நடந்து, ஓடையில் இறங்கினார்கள். பூச்சி சார் ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பித் திரும்பி எழுதினார்.

எண்ணி முடித்ததும் அவர் இரண்டு தாளையும் பார்த்தார். தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று ஒரு தடவை திருப்பியும் பார்த்தார்.

"ஒரே ஓடை. ஒரே இடம். டாக்டரம்மா எண்ணினா எலுமிச்சம்பழம். விசில் டீச்சர் எண்ணினா புளியங்கொட்டை."

"நீங்க சரியா எழுதல" என்றாள் பல் டாக்டர்.

"அண்ணி, நான் ஒழுங்காத்தான் எடுத்தேன். வேணும்னா மறுபடி..."

"நான் மட்டும் ஒழுங்கில்லாமலா எடுத்தேன்?"

மேடம் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். இரண்டு பேர் முகத்தையும் அவர் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். விசிலின் கை வெறுங்கை, தண்ணீரில் ஊறிச் சிவந்து சொட்டிக்கொண்டிருந்தது. பல் டாக்டரின் கையில் முழங்கை வரை மஞ்சள் ரப்பர் உறை.

"டாக்டர், போன தடவையும் இதைப் போட்டிருந்தீங்களா?"

பல் டாக்டர் தன் கையையே அப்போதுதான் பார்ப்பவள் போலப் பார்த்தாள். "தொழில் பண்ண ஆரம்பிச்சதுலேருந்து ஈரத்துல வெறுங்கை வெச்சதில்லை மேடம். வீட்டுல மாவு பிசையறதுக்கே போடுவேன்."

"அதை நாங்கதான் சாப்பிடறோம்" என்றாள் விசில்.

"உறைக்குள்ள விரல் நுனிக்குப் பொடிக்கல்லு தெரியாது. அதுமேல வழுக்கிப் போய் அடுத்த பெரிய கல்லுல நிக்கும். நீங்க கண்ணை மூடினீங்க, ஆனா கையையும் சேர்த்து மூடிட்டீங்க" என்றார் மேடம். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது பல் டாக்டருக்கு.

குவாரிக்குப் போன் போட்டாள். பொடிச் சரளை இருக்கிறது, சலித்துக் கழுவி அனுப்ப இரண்டு வாரமாகும் என்றார்கள்.

"இருக்கிற கல்லையே போட்டுடலாமா மேடம்? நகராட்சிக்குத் தெரியவா போகுது?" விசில்தான் கேட்டாள். கேட்டவளின் குரலிலேயே உறுதியில்லை.

"போடலாம். அப்புறம் அது ஓடை இல்ல, கல்லு போட்ட சாக்கடை. நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

"கல்லே போடாம தண்ணியை விட்டா?"

"புது மண்ணு. முதல் மழையில அரிச்சுக்கிட்டு ஆழமா இறங்கிடும். இப்ப இருக்கிறதை விட மோசம்."

மிஷின் நின்றது. வளைவு வெட்டி முடிந்திருந்தது; அழகாக, ஈரமண் பளபளக்க, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல். மிஷின்காரர் இறங்கி வந்து, "அடுத்தது என்ன? சொன்னா முடிச்சிட்டு வண்டியில ஏத்திடுவேன்" என்றார். மரப்பு தெளிந்து அவருக்குப் பேச்சு வந்திருந்தது.



பல் டாக்டர் ஓடையைத் தாண்டி எதிர்க்கரையில் ஏறினாள். அங்கே புதரும் உயரமான புல்லும் ஒன்றிரண்டு மரமும்தான். அதற்குப் பின்னால் யாரும் தொடாத தரிசு. கரைமேல் உட்கார்ந்தாள். மழை முடிந்ததும் சிமெண்ட் கலவை வண்டி அந்தக் காலி மனை வழியாகத்தான் வரும். வெட்டின வளைவை மூடிவிட்டு, அதன்மேலேயே வரும். பின்ஜன்னலைத் திறந்தால் சாம்பல் சுவர்.

"அண்ணி, கீழ வாங்க. நேரமாகுது" என்று எதிர்ப்பக்கமிருந்து விசில் கத்தினாள். பக்கத்தில் மிஷின்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பல் டாக்டர் அவர் உச்சந்தலையைப் பார்த்தாள். வட்டமாக வழுக்கை விழுந்திருந்தது. நல்ல உயரமான மனிதர். காலையில் நாற்காலிக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்திருக்கிறேன், அவர் நிற்கிறார், எப்படி உச்சந்தலை தெரிகிறது?

"நான் ஏன் உங்க எல்லாரையும் விட உசரத்துல இருக்கேன்?" என்று கேட்டாள்.

"நீங்க டாக்டர். நாங்க எல்லாம் சாதாரண ஆளுங்க" என்றாள் விசில்.

"விளையாடாதே. அந்தக் கரை தாழ்வு, இந்தக் கரை மேடு. மேல வெட்டாத இடத்துல பார்த்தோமே, அங்க ரெண்டு கரையும் ஒரே உசரம்தானே?"

மேடம் நிமிர்ந்தார். வாய்க்குப் போன பேனா மூடி நடுவழியில் நின்றது.

"வளைவுல ஒரு பக்கம் மேடா இருக்கலாம். இது நேர்க்கோடு. நேர்க்கோட்டுல ஒரு பக்கம் மட்டும் நெடுகப் போற மேட்டைத் தண்ணி கட்டாது மேடம். ஆளு கட்டினதுதான். ஓடையை நேராக்க வெட்டினாங்களே, வெட்டினதை எங்க கொண்டு போய்க் கொட்டினாங்க?"

"லாரிக்கு யார் செலவு பண்ணியிருக்கப் போறாங்க? தூக்கிப் பக்கத்துலயே போட்டிருப்பாங்க" என்றார் மிஷின்காரர்.

"பக்கத்துலன்னா இங்க. நான் உட்கார்ந்திருக்கிற இடம்." அவள் எழுந்துவிட்டாள். குரல் ஏறிவிட்டது. "பழைய ஓடையோட படுகையே இதுக்குள்ளதான் இருக்கணும். அதோட சொந்தச் சரளை. மேடம், வெட்டிப் பார்க்கலாமா?"

"வெட்டினா மேடு போயிடும். வெள்ளம் வந்தா அந்தப் பக்கம் ஏறுமே. என்ன பண்ணுவீங்க?"

"ஏறட்டும். இந்தப் பக்கம் தரிசு, வீடே கிடையாது. இங்க பரவினா கீழ்த்தெருவுக்குள்ள போற தண்ணி குறையும்."

மேடம் ஒரு நொடி தரிசைப் பார்த்தார், ஒரு நொடி வானத்தைப் பார்த்தார். "மரம் எதையும் தொடக் கூடாது. புல்லை மேலாப்புல சீவி ஓரமா வைங்க, திரும்பப் போர்த்தணும். வெட்டுங்க."

விசில் நிஜமாகவே விசிலை ஊதினாள்.

பொக்லைன் ஓடையைக் கடந்து வந்தது. பூச்சி சார், "கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க" என்று கெஞ்சியபடி முன்னால் ஓடினார். சக்கரப் பட்டை உருளும் இடத்துக் கற்களையெல்லாம் புரட்டி, அடியில் ஒட்டிக்கொண்டிருந்த தட்டான் குஞ்சுகளை வாளியில் பொறுக்கினார். "குடும்பத்தோட குடியிருக்காங்க, நோட்டீஸ் கூடக் கொடுக்காம வர்றீங்களே."

முதல் வெட்டில் கருமண் வந்தது. வேர்கள், ஒரு பழைய செருப்பு. இரண்டாவது வெட்டில் களிமண்.

"களிமண்ணுதான்" என்றார் மிஷின்காரர்.

"இன்னும் கீழ. மேலாக இருந்ததை முதல்ல வெட்டி முதல்ல கொட்டியிருப்பாங்க. அது அடியில இருக்கும்" என்றாள் விசில்.

"இல்லடி. ஓடையோட படுகை சரளை, அதுக்கும் அடியில களிமண். அவங்க தோண்டத் தோண்டச் சரளை முதல்ல வந்திருக்கும், களிமண் அப்புறம். அப்ப சரளை அடியில, களிமண் மேல."

"நானும் அதைத்தானே சொன்னேன்?"

"சொன்னே. சரி, சொன்னே. அண்ணே, இன்னும் ஒரு வெட்டு."

மூன்றாவது வெட்டில் இரும்புப் பல் எதிலோ உரசிக் கரகரத்தது. மிஷின்காரர் பொக்லைன் வாளியைத் தூக்கித் திருப்பினார். களிமண் கட்டி ஒன்று விழுந்தது. அதன் பின்னால், மூட்டை அவிழ்ந்தது மாதிரி, சின்னதும் பெரியதுமாக, வழவழவென்று, உருண்டு உருண்டு சரளை கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"உருண்டையா இருக்கு பாருங்க. குவாரிக் கல்லுன்னா மூலை இருக்கும். இது தண்ணி உருட்டினது" என்றார் பூச்சி சார்.

"எனக்குத் தெரியும், நான்தானே முதல்ல உங்க எல்லாரையும் விட உசரத்துல..."

"அண்ணி, பேசாம எண்ணுங்க."

பல் டாக்டர் குனிந்து கை உறைகளைக் கழற்றினாள். ஒன்று சுலபமாக வந்தது, மற்றது வர மறுத்தது. விசில் பிடித்து இழுத்துவிட்டாள். வெறுங்கை காற்றுப்பட்டுச் சில்லிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலை இறக்கினாள். முதலில் தட்டுப்பட்டது ஒரு கடுகளவு கல். இதுவரை அவள் விரலுக்கு வந்ததே இல்லை அப்படி ஒன்று. அடுத்தது வேர்க்கடலை அளவு. அடுத்தது மணல். அடுத்தது, இரண்டு விரலால் எடுக்க வேண்டிய ஒரு தட்டையான சின்னக் கல், ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு. தகட்டைப் பிடித்துக்கொண்டு மேடம் ஒவ்வொரு அளவாகச் சொல்லச் சொல்லப் பூச்சி சாரின் பேனா ஓடியது.

"என்ன வந்தது?" என்று மிஷின்காரர் மேலேயிருந்து கேட்டார். அவருக்கும் தாங்கவில்லை.

பூச்சி சார் தாளைத் தூக்கிக் காட்டினார். "புளியங்கொட்டை. விசில் டீச்சர் மேல எண்ணினதும் இதுவும் அச்சு அசல் ஒண்ணு."

"இந்தச் சரளைக்கு நான் சரின்னு சொல்றேன்" என்றார் மேடம். "டாக்டர், லாரிக் கல்லை என்ன பண்றது?"

பல் டாக்டர் வெட்டி வைத்த வளைவைப் பார்த்தாள். தண்ணீர் எங்கே வந்து மோதும் என்று கையால் காற்றில் வரைந்து பார்த்தாள். "வளைவோட வெளிப்பக்கம் காலடியில அடுக்கிடலாம். அங்கதான் தண்ணி குத்தும். அங்க பெரிய கல்லு தாங்கும், மீனும் கூடு கட்டப் போகாது."

"எனக்கு இன்னிக்குப் பேச வாய்ப்பே கொடுக்க மாட்டீங்க போல" என்றார் மேடம். சிரித்தார்.

அதன் பிறகு யாரும் உட்காரவில்லை. பொக்லைன் சரளையை அள்ளி வந்து கொட்டியது. மூன்று பேரும் மண்வெட்டியால் பரப்பினார்கள். சமமாகப் பரப்பக் கூடாது, மேடும் பள்ளமுமாக இருக்கட்டும் என்று மேடம் கத்தினார். "எங்க வீட்டு முற்றம் மாதிரிப் பண்ணிடறேன் மேடம், அண்ணன் சிமெண்ட் பூசினது" என்றாள் விசில். லாரிக் கல் வளைவின் காலடியில் உட்கார்ந்தது. சீவி வைத்திருந்த புல்லைக் கம்பளம் மாதிரித் தூக்கி வந்து கரையில் போர்த்தினார்கள். கலங்கல் கீழே போகாமல் பூச்சி சார் குறுக்கே சாக்குப் படுதா கட்டினார். முதல் தூறல் விழுந்தது.

"மழை" என்றார் மிஷின்காரர். "இப்பத் திறந்துடலாமா?"

பழைய வாய்க்காலுக்கும் புது வளைவுக்கும் நடுவே ஒரு மண்சுவர்தான் மிச்சம். மேடம் பல் டாக்டரைப் பார்த்தார். பல் டாக்டர் தலையசைத்தாள்.

வாளியின் ஒரு தட்டில் சுவர் உடைந்தது.

தண்ணீர் உடனே வரவில்லை. விளிம்பில் வந்து நின்று, யோசிப்பது மாதிரித் தேங்கியது. பிறகு ஒரு விரல் அகலத்துக்கு வழிந்தது. பிறகு ஒரு முழம். பிறகு மொத்தமாகத் திரும்பி உள்ளே வந்தது. பழுப்பாக, நுரையும் சருகுமாக, வெட்டி வைத்த இடமெல்லாம் நுழைந்து நுழைந்து பார்த்துக்கொண்டு வந்தது. சரளைமேல் ஏறியதும் சத்தம் ஆரம்பித்தது.

"கேக்குதா?" என்றார் பூச்சி சார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. தூறல் என்று சொல்லிக்கொண்டார்.

மேடம் போனில் படம் பிடித்து நகராட்சிக்கு அனுப்பினார். ஈரக் கையால் போனைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் தலையை முட்டி நின்றார்கள். பதில் வந்தது: 'தண்ணீர் ஓடுவது தெரிகிறது. கான்கிரீட் வேலை நிறுத்தப்படும். விவரம் நாளை.'

"அண்ணி, படிச்சீங்களா?"

அண்ணி அங்கே இல்லை. அவள் தண்ணீரின் முனையோடு சேர்ந்து கரையோரமாக ஓடிக்கொண்டிருந்தாள், புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு. சுண்ணாம்புக் கோட்டின்படி தண்ணீர் வளைவின் நடுவில் போக வேண்டும். அது போகவில்லை. உள்பக்கம் ஒரு சின்னச் சரளைத் திட்டை ஒதுக்கிவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு, தன் இஷ்டத்துக்கு ஒரு வழி பிடித்தது. கரையிலிருந்து ஒரு கைப்பிடி மண் இடிந்து விழுந்தது.

"டாக்டரம்மா, கோடு தப்பிப் போகுது" என்று மிஷின்காரர் வாளியைத் தூக்கினார். "நேராத் தட்டி விடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். மிஷினை நிறுத்துங்க."

"இடியுதே."

"இடியட்டும் அண்ணே. அது இப்பத்தான் வேலையை ஆரம்பிச்சிருக்கு."

மிஷின் நின்றது. மழை பலத்தது. "அண்ணி, வாங்க, நனையறீங்க. வீட்டுக்குப் போகலாம்" என்றாள் விசில்.

"நீ போ. அது அடுத்து எந்தப் பக்கம் திரும்புதுன்னு பார்த்துட்டு வரேன்."

விசில் போகவில்லை. ஓடி வந்து பக்கத்தில் நின்று, "இடது பக்கம். பந்தயம்?" என்றாள்.